அம்மாவின் பழைய ரீவிக்கு டிஜிட்டல் பொக்ஸ் இப்போதே வாங்க வேண்டுமா? (யாழ்ப்பாணம், தீவகம்)

காரைநகர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மா காரைநகரில் தனியாக இருக்கிறார். வீட்டில் இருப்பது 21 அங்குலப் பழைய பெட்டி ரீவி. நன்றாகத்தான் வேலை செய்கிறது. இவ்வளவு காலமும் கேபிள். போன கிழமை கேபிள்காரர் வந்து, "இனி அனலொக் இல்லை, எல்லாம் டிஜிட்டல், பொக்ஸ் எடுத்தால்தான் படம் வரும்" என்று சொல்லி முற்பணம் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் விசாரித்தால், "அரசாங்கமே டிஜிட்டலுக்கு மாறப் போகுது, இதை வாங்கிப் பூட்டினால் மாதக் காசே இல்லை" என்று வேறொரு பொக்ஸைக் காட்டுகிறார்கள். அத்தான் சொல்கிறார், பழையதைக் கொடுத்துவிட்டு எல்ஈடி ரீவி ஒன்று வாங்கு, டிஜிட்டல் அதற்குள்ளேயே இருக்கிறது என்று.

அம்மா பார்ப்பது இரவுச் செய்தி, ஒரு நாடகம், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நேரலை. அவ்வளவுதான். கூரையில் பழைய அன்ரனா இன்னும் நிற்கிறது. எனக்கு வவுனியாவில் வேலை, நினைத்த நேரம் போக முடியாது. யார் சொல்வதைக் கேட்பது?

திருநெல்வேலி வேர்க்சொப்

தங்கச்சி, மூன்று பேரும் மூன்று வேறு விஷயத்தைக் கதைக்கிறார்கள்.

கேபிள்காரர் சொல்வது அவருடைய வயருக்குள் நடக்கும் மாற்றம். தன் நிலையத்தில் சனல்களை டிஜிட்டலாக்கி வயரில் அனுப்பி, வீட்டில் அவர் தரும் பொக்ஸால் திறக்கிறார். அந்த வயர் இல்லாமல் அந்தப் பொக்ஸால் ஒரு பிரயோசனமும் இல்லை. காசு கட்டாத வீட்டுக்கு, கம்பத்தில் ஏறி வயரை வெட்டாமல் இருந்த இடத்திலிருந்தே நிறுத்தலாம் என்பதும் அவர் மாறுவதற்கு ஒரு காரணம். அரசாங்கத் திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அரசாங்கத் திட்டம் என்பது காற்றில் வந்து அன்ரனாவில் பிடிப்பது. 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாகினி தொடங்கிய காலத்திலிருந்து அன்ரனா போட்டு நாங்கள் பார்த்ததெல்லாம் அனலொக். அதை நிறுத்திவிட்டு டிஜிட்டலில் அனுப்புவதுதான் திட்டம். முதலில் ஐரோப்பிய முறை என்று கதை இருந்தது. 2014இல் யப்பானின் ஐஎஸ்டிபி-ரி முறை என்று தீர்மானித்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் யப்பான் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்தபோது அதற்கான கடனுக்கும் உடன்பட்டார்கள். அதன் பிறகு திகதி சொல்வதும் தள்ளிப்போடுவதுமாகக் காலம் போய்விட்டது.

எனக்குப் பயம் அந்தக் கடைக்காரர் காட்டிய பொக்ஸில்தான். வெளியே டிவிபி-ரி2 என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கோ. எழுதியிருந்தால் அது ஐரோப்பிய முறை. இந்தியாவில் தூர்தர்ஷன் தரைவழி டிஜிட்டலுக்கு எடுத்ததும் அதைத்தான். யப்பான் முறையில் வரும் ஒளிபரப்பை அது பிடிக்காது. அத்தான் சொல்லும் எல்ஈடி ரீவிகளிலும் கனக்க அப்படித்தான். உள்ளே டிஜிட்டல் இருக்கும், ஆனால் எந்த முறை என்பதைப் பின்பக்க ஸ்டிக்கரிலும் கையேட்டிலும்தான் பார்க்க வேண்டும்.

ஐஎஸ்டிபி-ரி என்று எழுதியிருந்தாலும் அது மட்டும் காணாது. யப்பானிலும் பிரேசிலிலும் பிலிப்பைன்ஸிலும் ஒரு அலைவரிசையின் அகலம் 6 மெகாஹேர்ட்ஸ். இலங்கையில் யுஎச்எஃப் எனும் உயர் அலைவரிசைகள் 8 மெகாஹேர்ட்ஸாகப் பிரிக்கப்பட்டவை. 8ஐயும் எடுக்கும் பொக்ஸாக இருக்க வேண்டும். யப்பானிலிருந்து உறவினர் கொண்டுவந்த ரீவி என்று ஒன்று இரண்டு என் மேசைக்கும் வந்தன. அங்கே படத்தைச் சுருக்கும் முறையும் வேறு, திறப்பதற்கு ஒரு அட்டையும் வேண்டும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

சுருக்கமாக, இப்போது கடைப் பொக்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

வடமராட்சிப் பொடியன்

அண்ணை, இப்போது அன்ரனாவில் யார் ரீவி பார்க்கிறார்கள்? செய்தி போனில் வருது, நாடகம் யூரியூப்பில் வருது. அம்மாவுக்கு ஒரு டப்லெட் வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது. கனக்க நாடுகளில் இதெல்லாம் பத்து வருடத்துக்கு முதலே முடிந்துவிட்டது. நாங்கள் இப்போதுதான் தொடங்கவா?

தீவகத்து வாத்தியார்

தம்பி, நான் நெடுந்தீவில் படிப்பிக்கிறேன். இங்கே கறண்ட் தீவிலேயே டீசலில் எடுப்பது. வெளியே போவதென்றால் குறிகாட்டுவானுக்குப் படகு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. போனில் பார்க்கலாம் என்று சொல்கிறீர்கள். ஒரு மணித்தியாலம் படம் ஓடினால் எவ்வளவு டேட்டா போகும், அதை மாதம் முழுக்க ஒரு வயோதிபருடைய உதவிப் பணத்தில் கட்ட முடியுமா என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கோ. என் பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கண் மங்கல். போன் திரையில் செய்தியாளரின் முகமே தெரியாது. ரீவியை ஒரு பொத்தானில் போடுவா, அவ்வளவுதான் அவவுக்குத் தெரியும்.

மாதக் கட்டணம் இல்லாமல், வயர் இல்லாமல், கணக்கு எண்ணோ கடவுச்சொல்லோ இல்லாமல் ஒரு வீட்டுக்குள் தமிழில் செய்தி வந்து சேர அன்ரனாவை விட்டால் வேறு வழி இல்லை. வானொலியும் அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புயல் எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் பார்ப்பதும் காதால் கேட்பதும் கடலுக்குப் போகிறவனுக்கு ஒன்றல்ல. எங்கள் ஆட்களுக்கு இந்த மாற்றம் பிந்தியதில் நட்டமில்லை. அது வரும்போது நாங்கள் விடுபட்டுப் போனால்தான் நட்டம்.

நான் இந்த இழைக்குள் வந்ததே ஒன்றைக் கேட்கத்தான். கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து வருவது இப்போதே இங்கே புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது. டிஜிட்டலானால் தெளிவாகுமா, இல்லாமலே போகுமா?

அறிவியல்நகர் மாணவி

வாத்தியார், கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். இதைக் கணக்காகவே பார்க்கலாம்.

ரீவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைவாக இருப்பதால் கோபுரத்தின் உயரத்தைப் பொறுத்து ஓர் எல்லை வந்துவிடும். மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிலோமீற்றரில் கிடைக்கும். கொக்காவில் கோபுரம் 174 மீற்றர். அதற்கு 54 கிலோமீற்றர் வருகிறது. வீட்டு அன்ரனா 10 மீற்றர் உயரத்தில் நின்றால் அதன் பங்கு 13. இரண்டையும் கூட்டினால் 67. கொக்காவிலிலிருந்து யாழ்ப்பாண நகரம் நேர்கோட்டில் 65 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அதாவது நகரமே எல்லைக் கோட்டில் நிற்கிறது. காரைநகர் 80க்கு மேல். நெடுந்தீவு 90க்குக் கிட்ட. கொக்காவில் நிலமட்டம் கொஞ்சம் உயரம் என்பதால் சில கிலோமீற்றர் கூடும், வளைந்து வரும் அலையும் கொஞ்சம் உண்டு. அதனால்தான் உங்களுக்குப் புள்ளியோடாவது வருகிறது.

அனலொக்கில் அலை பலவீனமானால் படம் படிப்படியாகக் கெடும். புள்ளி அடிக்கும், நிழல் விழும், ஆனால் குரல் கேட்கும், ஆளை அடையாளம் தெரியும். டிஜிட்டலில் அந்தப் படிகள் இல்லை. ஓர் அளவுக்கு மேல் அலை இருந்தால் கண்ணாடி மாதிரித் துல்லியமான படம். அந்த அளவுக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும், பிறகு வெறும் கறுப்புத் திரை. இன்று புள்ளியோடு பார்க்கும் வீடுகள்தான் இந்தக் கோட்டில் நிற்கின்றன. யாழ்ப்பாண நகரத்தில் பலர் அதே கோபுரத்திலிருந்து இன்னும் நல்ல படம் பார்ப்பார்கள். கீரிமலை, காரைநகர், தீவுகள், பருத்தித்துறைக் கரை எல்லாம் அந்தந்த இடத்தில் அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. யப்பான் முறையில் ஒரே அலைவரிசையிலேயே பக்கத்தில் அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ஒரு சிறிய மறுஒளிபரப்பு நிலையம் வைத்து இடைவெளியை நிரப்பலாம். அனலொக்கில் அப்படி வைத்தால் இரண்டு படமும் மோதும். ஆகவே நெடுந்தீவில் ஒன்று, காரைநகர்ப் பக்கம் ஒன்று என்று கேட்பது நடக்கக்கூடிய கோரிக்கைதான்.

வல்வெட்டித்துறை மூர்த்தி

பிள்ளை சொன்ன கணக்கு எனக்குப் பழைய விஷயம் ஒன்றை விளக்கிவிட்டது. கொக்காவிலில் இருந்த ரூபவாகினி மறுஒளிபரப்பு நிலையம் 1990 சண்டையில் போனது. இப்போதுள்ள கோபுரம் 2011இல் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கனக்க வீடுகளில் அன்ரனா இந்தியாவைப் பார்த்துத்தான் நின்றது. பனை உயரத்துக்குக் குழாய் போட்டு, கறண்ட் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய் ஜெனரேற்றரில் தூர்தர்ஷன் பார்த்த ஆட்கள் நாங்கள். இராமேஸ்வரம் ஏன் அவ்வளவு தெளிவாக வந்தது, பிள்ளை?

அறிவியல்நகர் மாணவி

ஐயா, இராமேஸ்வரம் கோபுரம் 323 மீற்றர், 1995இல் கட்டியது. அதே சூத்திரத்தில் அதற்கு 74 கிலோமீற்றர், வீட்டு அன்ரனாவோடு 87. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. இடையில் மலையோ கட்டடமோ இல்லை, முழுக்கக் கடல். வெயில் காலத்தில் கடலுக்கு மேலே காற்று அடுக்கடுக்காக நின்று அலையை இன்னும் தூரம் வளைத்துக் கொண்டுவரும். நெடுந்தீவு இராமேஸ்வரத்துக்கு 50 கிலோமீற்றர் அளவுதான். கொக்காவிலை விட மிகக் கிட்ட.

அந்த வழி இனி இல்லை. தூர்தர்ஷன் தன் அனலொக் தரைவழி நிலையங்களில் மிகப் பெரும்பாலானவற்றை 2022க்குள் மூடிவிட்டது.

மானிப்பாய் கேபிள்

என் தொழிலைப் பற்றி இங்கே கதைக்கிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கோ. அனலொக் வயரில் ஒரு சனலுக்கு ஒரு இடம். மழை பெய்து ஏதாவது ஒரு இணைப்பில் தண்ணீர் போனால் அந்தத் தெரு முழுக்கப் படம் கெடும். டிஜிட்டலில் அதே இடத்தில் பல சனல் அனுப்பலாம், தமிழ்நாட்டுச் சனல்காரர் கேட்கும் காசுக்கு வீட்டு எண்ணிக்கையைக் கணக்கோடு காட்டலாம். சென்னையில் 2012இலேயே அரசாங்கம் திகதி போட்டு கேபிளை மாற்றச் சொன்னது. இங்கே அப்படி ஒரு திகதி இல்லாமலே நாங்கள் கடன் எடுத்து மாற்றுகிறோம்.

காரைநகர் அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா பார்க்கும் நல்லூர் நேரலை, ஊர்க் கோயில் தேர், யாழ்ப்பாண உள்ளூர்ச் செய்தி இவற்றில் கனக்க கேபிளுக்குள் மட்டும் ஓடுகிற சனல்கள். அரசாங்க டிஜிட்டல் வந்தாலும் அவற்றுக்கு அங்கே இடம் கொடுத்தால்தான் அன்ரனாவில் வரும். கேபிளை வெட்டிவிட்டு அம்மா திருவிழாவைத் தேடினால் கிடைக்காது. முற்பணம் கேட்டால் அதைத் திருப்பித் தருவார்களா, பொக்ஸ் பழுதானால் யார் பொறுப்பு என்று ரசீதில் எழுதி வாங்குங்கோ. நியாயமாகத் தொழில் செய்பவர் எழுதித் தருவார்.

தீவகத்து வாத்தியார்

மானிப்பாய்த் தம்பி பெரிய விஷயம் ஒன்றைத் தொட்டுவிட்டார். அனலொக்கில் ஒரு சனல் பிடித்த இடத்தில் டிஜிட்டலில் சாதாரணத் தரத்தில் எட்டு, பத்து சனல்கள் அனுப்பலாம். அந்த இடங்கள் யாருக்கு? வசந்தம், நேத்ரா, சக்தி என்று இருப்பவற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு தமிழுக்குக் கொடுத்தாயிற்று என்று சொன்னால் எனக்கு அது போதாது. அரச தமிழ் அலைவரிசையில் விளையாட்டு நேரலை வந்தால் தமிழ் நிகழ்ச்சி ஒதுங்கிப் போவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். இடம் இல்லை என்ற காரணம் டிஜிட்டலில் செல்லாது. வடக்குக்கென்று ஒரு இடம், கிழக்குக்கென்று ஒரு இடம், மலையகத்துக்கென்று ஒரு இடம் ஒதுக்க முடியும். யாழ்ப்பாணத்தில் தயாராகும் செய்தி மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கும் போக வேண்டும். இதைக் கேட்க வேண்டிய நேரம் சனல் பட்டியல் முடிவான பிறகு அல்ல, அதற்கு முன்.

நேசன் ஸ்காபரோ

கனடாவிலிருந்து எழுதுகிறேன். வடமராட்சித் தம்பி "கனக்க நாடுகளில் முடிந்துவிட்டது" என்று சொன்னதால் இங்கே எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். 2011 ஆகஸ்ட் 31இல் பெரிய நகரங்களில் அனலொக்கை நிறுத்தினார்கள். ரொறன்ரோவில் எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. பல்கனியில் சின்ன அன்ரனா வைத்தால் முன்பை விட நல்ல படம். ஆனால் அடுத்த வருடம் யூலை 31இல் சிபிசி, அதாவது இங்குள்ள அரச ஒளிபரப்பாளர், சிறிய ஊர்களில் இருந்த 600க்கு மேற்பட்ட அனலொக் நிலையங்களை மூடியது. அந்த இடங்களில் டிஜிட்டல் நிலையம் வைக்கவில்லை, செலவு கூட என்றது. அங்கேயிருந்த ஆட்கள் கேபிளோ டிஷ்ஷோ காசு கொடுத்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. காசுள்ள நாட்டிலேயே கரையில் இருக்கும் ஊர்களை விட்டுவிட்டுத்தான் போனார்கள். வாத்தியார் கேட்பதில் ஒரு சொல்லையும் குறைக்க வேண்டாம்.

இன்னொன்று. இங்கிருந்து நாங்கள் ஊரில் பெற்றோருக்கு இந்திய டிஷ் போட்டுக் கொடுத்து ரீசார்ஜ் செய்கிறோம். அதில் சென்னைச் செய்தி முழுக்க வரும். யாழ்ப்பாணத்தில் நாளைக்குத் தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் உண்டா என்று ஒரு வரி வராது. நாங்கள் அனுப்பும் காசில் இந்த ஓட்டை அடைபடாது.

வடமராட்சிப் பொடியன்

சரி, வாத்தியார் சொன்னது விளங்குது. ஆனால் புயல் நேரத்தில் ரீவி உதவும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 டிசெம்பரில் புரெவி வந்தபோது எங்கள் பக்கம் முதலில் போனது கறண்ட்தான். கறண்ட் இல்லாமல் ரீவி என்ன செய்யும்?

அறிவியல்நகர் மாணவி

கறண்ட் போன பிறகு உதவாது என்பது உண்மை. புயலுக்கு முதல் நாள் உதவும். யப்பான் முறையில் அவசர எச்சரிக்கை என்று ஒன்று ஒளிபரப்போடு சேர்ந்தே இருக்கிறது. அதற்கு ஏற்ற பொக்ஸாக இருந்தால் ஓய்வு நிலையில் கிடந்தாலும் தானே விழிக்கும், திரையில் எழுத்து ஓட்டும். கைத்தொலைபேசிக்கென்றும் ஒளிபரப்பில் ஒரு சிறு பங்கு தனியாக ஒதுக்கலாம். போனுக்குள் அதற்கான கருவி இருந்தால் டேட்டா இல்லாமலே பார்க்கலாம்.

வாத்தியார், உங்கள் கோரிக்கையில் இதையும் சேருங்கள். மக்களுக்குக் கொடுக்கும் பொக்ஸில் அந்த வசதி கட்டாயம் இருக்க வேண்டும். எச்சரிக்கை எழுத்து தமிழில், சரியான தமிழில், சிங்களத்தோடு அதே நேரத்தில் வர வேண்டும். பொக்ஸின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் திரையில் வெறும் சதுரம் சதுரமாகத்தான் வரும். பொக்ஸ் இறக்குமதிக்கு விதி எழுதும்போதே இதைச் சேர்க்க வேண்டும்.

வடமராட்சிப் பொடியன்

அது நியாயம். எழுத்துரு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை.

திருநெல்வேலி வேர்க்சொப்

இனி அம்மாவின் ரீவிக்கு வருவோம். அதை எறிய வேண்டாம். பின்பக்கத்திலோ முன்பக்கத்திலோ மஞ்சள், வெள்ளைச் சொக்கற் இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கோ. இருந்தால் அதே சொக்கற் உள்ள எந்தப் பொக்ஸையும் நேராகப் பூட்டலாம். அன்ரனா ஓட்டை மட்டும்தான் என்றால், பொக்ஸுக்கும் ரீவிக்கும் நடுவில் ஆர்எஃப் மொடுலேற்றர் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும். பொக்ஸ் இழுக்கும் கறண்ட் மிகக் குறைவு, பில்லில் பெரிதாகத் தெரியாது.

கூரையில் நிற்கும் அன்ரனாவின் கம்பிகளைப் பார்க்க வேண்டும். ஒரு கம்பி முக்கால் மீற்றர் அளவில் நீளமாக இருந்தால் அது விஎச்எஃப் எனும் தாழ்ந்த அலைவரிசைக்கானது. கால் மீற்றர் அளவில் குட்டைக் கம்பிகள் வரிசையாக இருந்தால் யுஎச்எஃப், டிஜிட்டலுக்கு உதவப் போவது அதுதான். காரைநகரில் உப்புக்காற்று. அலுமினியக் கம்பி தாங்கும், ஆனால் வயர் பூட்டும் இடத்தில் திருகாணி துருப்பிடித்துப் பச்சை பாய்ந்திருக்கும். அலை அங்கேயே பாதி செத்துவிடும். தட்டை வயர் இருந்தால் கழற்றிவிட்டு உருண்டை வயர் போடுங்கோ, முனையை ரேப்பால் சுற்றித் தண்ணீர் போகாமல் கட்டுங்கோ. கொக்காவில் தென்கிழக்குப் பக்கம். இடையில் தென்னையோ பனையோ நின்றால் குழாயைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கோ. யுஎச்எஃப் அலைக்கு ஈர ஓலை பெரிய தடை.

இந்த வேலையெல்லாம் இன்றைய அனலொக்கிலேயே பலன் தரும். நாளைக்கு டிஜிட்டல் வந்தாலும் வீண் போகாது.

காரைநகர் மகள்

எல்லோருக்கும் மிகவும் நன்றி. அம்மாவோடு கதைத்தேன். கேபிளை இப்போதைக்கு விடுவதில்லை, திருவிழா நேரலைக்காக. ரசீதில் எழுதித் தரச் சொல்லிப் பொக்ஸ் எடுக்கிறோம். கடைப் பொக்ஸ் வேண்டாம் என்று முடிவு. பக்கத்து வீட்டுத் தம்பி ரீவியைப் பார்த்தார். மஞ்சள், வெள்ளைச் சொக்கற் இருக்கிறதாம். எல்ஈடி கதையை அத்தானும் விட்டுவிட்டார்.

அன்ரனாவில் நீளக் கம்பியும் குட்டைக் கம்பியும் இரண்டும் இருக்கின்றனவாம், வயர் தட்டை வயர். தைப்பொங்கல் லீவில் நான் வரும்போது மாற்றுகிறேன். வாத்தியார், நீங்கள் எழுதும் கோரிக்கையில் காரைநகரிலிருந்து கையெழுத்துச் சேர்த்துத் தர அம்மா ஆயத்தம். கோயிலடியில் கேட்டால் ஒரு நாளில் சேர்க்கலாம் என்கிறார்.

தீவகத்து வாத்தியார்

மிக நல்லது தங்கச்சி. நான்கு விஷயம் எழுதியிருக்கிறேன்: நெடுந்தீவு, காரைநகர், பருத்தித்துறைக்கு இடைநிரப்பு நிலையம், அனலொக்கை நிறுத்துவதற்கு முன் அந்தந்த ஊரில் அளந்து பார்த்த முடிவை வெளியிடுதல், வடக்குக்கு ஒரு தமிழ் இடம், தமிழ் எழுத்தும் எச்சரிக்கையும் உள்ள பொக்ஸ் அஸ்வெசும அரச உதவி எடுக்கும் வீடுகளுக்கு இலவசமாக. பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி, ஊடக அமைச்சுக்கு ஒரு பிரதி, எங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒவ்வொன்று. மாணவி, அந்தத் தூரக் கணக்கை ஒரு பக்கத்தில் வரைபடத்தோடு தர முடியுமா?

அறிவியல்நகர் மாணவி

முடியும் ஐயா. கொக்காவிலிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் தூரம், 10 மீற்றர் அன்ரனாவுக்கு எல்லை எங்கே என்று வட்டம் போட்டுத் தருகிறேன். கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கம் யாராவது இப்போது அன்ரனாவில் படம் எப்படி வருகிறது என்று எழுதினால் அதையும் குறித்துவிடலாம்.

வல்வெட்டித்துறை மூர்த்தி

வல்வெட்டித்துறையில் பகலில் புள்ளி, இரவு ஏழு மணிக்குப் பிறகு கொஞ்சம் தெளிவு, சோளகம் அடிக்கும் மாதங்களில் நல்ல படம். அன்ரனா இரண்டாம் மாடிக்கு மேலே 15 அடிக் குழாயில். எழுதிக்கொள்ளுங்கோ, பிள்ளை.